அதுக்கப்புறம் என்னடா ஆச்சு?

என் வலது கால்ல முட்டிக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கு, மாங்கொட்டை சைஸ்ல ஆரம்பிச்சு கணுக்கால் பக்கம் வால் மாதிரி இறங்கும். 1994 தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா முறுக்கு சுட்டு முடிச்சிட்டு எண்ணெச் சட்டிய அடுப்புல இருந்து இறக்கி ஓரமா வச்சிருந்தாங்க. நான் 10 வயசுப் பய, கையில கம்பி மத்தாப்பு பாக்கெட்டோட அடுப்படிக்குள்ள ஓடி வந்து... மீதிய நீங்களே ஊகிச்சிருப்பீங்க. எண்ணெ பட்ட அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு சத்தியமா இப்ப ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கிறதெல்லாம் அதுக்கப்புறம் 18 நாள் நடந்த டிரெஸ்ஸிங்தான்.

சும்மா படுத்துக் கிடக்கும்போது இருக்குற எரிச்சல் ஒரு மாதிரி, பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டிரலாம். ஆனா காலைல டிரெஸ்ஸிங் ட்ராலி உருண்டு வர்ற சத்தம் வராண்டா கோடில கேட்டாலே வயித்தக் கலக்கும். முந்தின நாள் வச்ச காஸ் துணி புண்ணோட ஒட்டிக் காஞ்சு போயிருக்கும், அது மேல சலைன ஊத்தி ஊற வச்சு, இடுக்கியால ஒரு ஓரத்தப் புடிச்சு மெல்ல உரிப்பாங்க. மெல்லங்கிறது அவங்க கணக்கு. அப்புறம் செத்த தோல வழிச்சு எடுத்து, வெள்ளக் களிம்பத் தடவி, திரும்ப சுத்திவிடுவாங்க. எல்லாம் முடிய கால் மணி நேரம் ஆகும்.

எங்களுக்குக் கட்டுப் போடுறவர நாங்க எல்லாரும் டிரெஸ்ஸிங் மாமான்னுதான் கூப்பிடுவோம். வாயில எப்பவும் ஒரு கிராம்ப ஒதுக்கி வச்சிருப்பார். மொத நாள் நான் போட்ட கூப்பாட்ட கேட்டுட்டு ரெண்டாம் நாள் வந்து என் கால் பக்கம் உக்காந்தவர் கால பாக்கவே இல்ல, "டேய், ஞாயித்துக்கிழம டிவில படம் போட்டான்ல, எனக்கு டூட்டி, பாக்க முடியல, கதய சொல்லு"ன்னார். நானும் ஏமாந்து சொல்ல ஆரம்பிச்சேன். வில்லன் ஆளுங்க கார்ல வந்து ஹீரோவோட தங்கச்சிய தூக்கிட்டுப் போறாங்கன்னு சொல்லும்போது அந்தப் பக்கம் சர்ருன்னு காஸ் உரியும், நான் "அய்யோ"ன்னு நிறுத்துவேன், அவர் "பாதில விட்டா எப்பிடி, அதுக்கப்புறம் என்னடா ஆச்சு?"ன்னு கேப்பார். நான் அழுதுக்கிட்டே ஹீரோவ பைக்ல ஏத்தி அனுப்புவேன். ஒரு வாரத்துல எனக்குத் தெரிஞ்ச படமெல்லாம் தீந்து போச்சு. அதுக்கப்புறம் நானே கட்டி விட்டேன், ஒரு கதைல ஹீரோவுக்கு ரெண்டு அப்பா, இன்னொண்ணுல வில்லன் கடைசில போலீஸ் ஆயிட்டான். மனுஷன் ஒரு நாள்கூட இது என்ன படம்டான்னு கேக்கல.

வலிக்கலன்னு புளுக மாட்டேன். ஒரு நாள் அவர் கையக் கடிச்சே வச்சிருக்கேன். ஆனா கதை சூடு புடிச்ச நாள்ல கட்டு சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருக்கும், அது மட்டும் எனக்கு அப்பவே தெரியும்.

இத இப்ப ஏன் சொல்றேன்னா, அம்மாவுக்கு நரம்பு சுருட்டல்ல கணுக்காலுக்கு மேல புண்ணு வந்து மூணு மாசமா ஆறாம கிடக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் சிஸ்டர் வீட்டுக்கு வந்து டிரெஸ்ஸிங் பண்றாங்க. அம்மா டர்க்கி டவல் முனைய வாயில வச்சுக் கடிச்சிக்குவாங்க, சத்தமே வராது, கண்ணு மட்டும் கலங்கும். டாக்டர் சொன்ன வலி மாத்திரைய முக்கால் மணி நேரம் முன்னாடியே குடுத்துடறோம், அப்படியும் இப்படித்தான். ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம டிரெஸ்ஸிங் வலி குறைய வழி இருக்கான்னு போன்ல நோண்டிக்கிட்டு இருந்தப்பதான் அமெரிக்காவுல இருக்கிற சியாட்டில் ஊர்க் கதைல போய் விழுந்தேன், விழுந்தவன் விடிய நாலு மணி வரைக்கும் எந்திரிக்கல.

சியாட்டில்ல ஹார்பர்வியூன்னு ஒரு ஆஸ்பத்திரி, அதுல பெரிய தீக்காயப் பிரிவு. அங்க டேவிட் பேட்டர்சன்னு ஒரு சைக்காலஜிஸ்ட், டிரெஸ்ஸிங் வலிய ஹிப்னாடிசத்தால குறைக்க முடியுமான்னு ரொம்ப காலமா வேல செஞ்சவரு. அதே ஊர் வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஹன்டர் ஹாஃப்மேன்னு இன்னொருத்தர், அவர் வீஆர் ஆளு, அதாவது வர்ச்சுவல் ரியாலிட்டி, கம்ப்யூட்டர்ல செஞ்ச உலகத்துக்குள்ளயே நாம நிக்கிற மாதிரி காட்டுறது, தலைல ஹெல்மெட் மாட்டிவிட்டு சிலந்திய கண்டா அலர்றவங்களோட பயத்தப் போக்குற வேலைல இருந்தார். 1996 வாக்குல இந்த ரெண்டு பேரும் சேந்தாங்க. மருந்து எவ்வளவு குடுத்தாலும் டிரெஸ்ஸிங் நேரத்துல மட்டும் வலி கட்டுக்குள்ள நிக்க மாட்டேங்குது, அந்த நேரத்துக்கு மட்டும் மனச வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டா என்னங்கிறதுதான் யோசனை. கிராம்பு மெல்ற எங்க மாமாவோட அதே யோசனைதான், இவங்க கிட்ட காசும் கம்ப்யூட்டரும் இருந்துச்சு.

2000-ல 'பெயின்'ங்கிற மருத்துவ ஜர்னல்ல மொத ரிப்போர்ட் வந்துச்சு. ரெண்டே ரெண்டு பேர், 16 வயசும் 17 வயசும் ஆன பசங்க. கட்டுப் பிரிச்சு புண்ண பாக்குற நேரத்துல கொஞ்ச நேரம் சாதாரண நின்டெண்டோ வீடியோ கேம், கொஞ்ச நேரம் வீஆர். ரெண்டு பேருமே வீஆர்ல இருந்தப்ப வலி நல்லா குறைஞ்சதா சொன்னாங்க. வீடியோ கேமே ஒரு பையன எப்படி முழுங்கும்னு வீட்ல பசங்க வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், அதையும் தாண்டி இது வேல செஞ்சிருக்குன்னா சும்மா இல்ல.

இதுல ஒரு விஷயம் எனக்கு சிரிப்பா வந்துச்சு. அப்ப தீக்காயத்துக்குன்னு தனியா எதுவும் செய்யல, கையில இருந்த சிலந்தி உலகத்தையே கொஞ்சம் மாத்தி குடுத்திருக்காங்க. அது என்ன இடம்னு கேளுங்க, சமையல்கட்டு! எண்ணெச் சட்டில கால வெந்துக்கிட்டு வந்த என்ன மாதிரி ஒருத்தனுக்கு அத மாட்டிவிட்டா நான் ஹெல்மெட்டோட எந்திரிச்சு ஓடியிருப்பேன். அவங்களுக்கும் அது உறைச்சிருக்கணும், அதுக்கப்புறம் தீக்காயக்காரங்களுக்குன்னே ஒண்ணு கட்டினாங்க, பேரு ஸ்னோவேர்ல்ட். எங்க பாத்தாலும் நீலமும் வெள்ளையும்தான். ரெண்டு பக்கமும் பனிப்பாறை, கீழ ஆறு ஓடுது, நீங்க அது மேல மெதுவா மிதந்து போறீங்க, போற வழில பனி மனுஷன், பென்குவின், இக்லூ வீடு எல்லாம் வரும், பனி உருண்டைய எடுத்து அதுங்க மேல எறியணும். அவ்வளவுதான் கேமு. இன்னைக்கு நாலாங்கிளாஸ் பையன் பாத்தா இதென்ன மொக்கைன்னு சொல்லுவான். ஆனா யோசிச்சுப் பாத்தா ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. நெருப்ப ஞாபகப்படுத்துற எதுவும் கண்ல படக்கூடாதுன்னு பனி. தலை சுத்தி வாந்தி வரக்கூடாதுன்னு மெதுவா, ஒரே பாதைல போற பயணம். வெந்த கைய வச்சிக்கிட்டு ஆட முடியாதுல்ல, அதனால தலையத் திருப்பி குறி பாத்து ஒரு பட்டன அமுக்கினா போதும்.

அங்க தீக்காயத்த தண்ணித் தொட்டில உக்கார வச்சும் கழுவுவாங்க. தண்ணிக்குள்ள இருக்குறவன் தலைல கரண்டு ஓடுற ஹெல்மெட்ட மாட்ட முடியுமா? அதுக்குன்னு படத்த ஃபைபர் ஆப்டிக் வழியா கொண்டுவர்ற மாதிரி தனி ஹெல்மெட்டே செஞ்சிருக்காங்க, ஆள் கிட்ட கரண்டே வராது. டெக்சாஸ்ல சான் அன்டோனியோ ராணுவ ஆஸ்பத்திரில குண்டு வெடிச்சு வெந்துபோன சிப்பாய்ங்க, அவங்களுக்கு முகம், தலை, காதெல்லாம் காயம், ஹெல்மெட் மாட்ட வழியே இல்ல. அதுக்கு ரோபோ கை மாதிரி ஒரு ஸ்டாண்டு கண்ணாடிய முகத்துக்கு முன்னாடி புடிச்சிக்கும், எதுவும் உடம்புல படாது. 12 சிப்பாய்ங்கள வச்சு செஞ்ச அந்த ஸ்டடி 2011-ல வந்துச்சு, அதுலயும் வலி குறைஞ்சுதான் இருக்கு, அதுவும் ரொம்ப வலி இருந்தவங்களுக்குத்தான் கூடுதலா உதவியிருக்கு.

சரி, இது ஏன் வேல செய்யுது? இடிச்சிக்கிட்ட இடத்த தேச்சா வலி குறையுதுல்ல, 1965-ல மெல்சாக், வால்னு ரெண்டு பேர் அதுக்கு ஒரு விளக்கம் சொன்னாங்க. தண்டுவடத்துல ஒரு கேட் மாதிரி இருக்கு, வலி சிக்னல் மேல போகும்போது அந்த கேட்டு கொஞ்சம் திறக்கும், கொஞ்சம் மூடும், தொடுற உணர்ச்சி குறுக்க வந்தாலும் மூடும், மேல இருந்து மூளை சொன்னாலும் மூடும். வலிங்கிறது புண்ணுல இருந்து மூளைக்கு நேரா போற தந்தி இல்ல, நடுவுல ஆள் உக்காந்து திருத்துறான்னு வச்சிக்கலாம். அடுத்தது கவனம். மூளைகிட்ட கவனம் கொஞ்சம்தான் ஸ்டாக் இருக்கு, வலி அதுல பெரும் பங்க புடுங்கிக்கும். கண்ணு முழுக்க பனி, காது முழுக்க சத்தம், கைல ஒரு வேலைன்னு ஆயிட்டா வலிக்கு கிடைக்கிற பங்கு குறையுது. 2004-ல ஹாஃப்மேன் டீம் ஆரோக்கியமான ஆளுங்க கால்ல பொறுக்கிற அளவுக்கு சூடு வச்சு, மூளைல எந்த இடம் வேல செய்யுதுன்னு படம் புடிக்கிற எஃப்எம்ஆர்ஐ மிஷினுக்குள்ள படுக்க வச்சு பாத்தாங்க. வீஆர்ல இருக்கும்போது மூளைல வலியோட சம்பந்தப்பட்ட அஞ்சு இடத்துலயும் துடிப்பு அடங்கியிருக்கு. அப்ப இது "வலிக்கலன்னு சும்மா நெனச்சிக்கிறது" கேஸ் இல்ல.

நாலு மணிக்கு இதெல்லாம் படிச்சிட்டு ஒருத்தன் சும்மா இருப்பானா. தங்கச்சி மகன்கிட்ட குவெஸ்ட் 2-ன்னு ஒரு வீஆர் ஹெட்செட் இருக்கு, சனிக்கிழம போய் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். ஆராய்ச்சில ஐஸ் தண்ணிக்குள்ள கைய விட்டு எவ்வளவு நேரம் தாங்குறான்னு பாக்குற ஒரு டெஸ்ட் இருக்கு, அத வீட்லயே செஞ்சு பாத்துடலாம்னு கடைல ஐஸ் வாங்கி பக்கெட்ல கொட்டி, இடது கைய மணிக்கட்டு வரைக்கும் விட்டேன். ஸ்டாப்வாட்ச் என் வீட்டுக்காரம்மா கைல. மொத தடவ சும்மா உக்காந்து, 47 செகண்டு, அதுக்கு மேல எலும்புக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி ஆயிடுச்சு. அர மணி நேரம் கைய சூடாக்கிக்கிட்டு ரெண்டாவது தடவ, ஹெட்செட்ட மாட்டி கடலுக்கடியில மீன் போற வீடியோ, 1 நிமிஷம் 5 செகண்டு. மூணாவது, ஒத்தக் கையால ஆடுற பலூன் சுடுற கேம். இதுல எனக்கு நேரமே தெரியல. ஒரு கட்டத்துல சிவப்பு பலூன் ஒண்ணு தப்பிச்சுப் போகுது, நான் அத தொரத்திக்கிட்டு இருக்கேன், யாரோ என் கையப் புடிச்சு இழுக்குறாங்க, பாத்தா அவதான். "ரெண்டேகால் நிமிஷமாச்சு, கை விரலெல்லாம் செவந்து போச்சு, ஐசியூல போய் பலூன் சுடப் போறீங்களா"ன்னு கேட்டா. இழுத்த வேகத்துல பக்கெட் கவுந்து ஹாலெல்லாம் தண்ணி, அத தொடச்ச வலிக்குத்தான் எந்த ஹெட்செட்டும் இல்ல.

இது ஆராய்ச்சி இல்ல, எனக்கே தெரியும், மூணாவது தடவ ஐஸ் பாதி கரைஞ்சிருந்துச்சு, கையும் ஏற்கனவே கொஞ்சம் மரத்திருக்கும். யாரும் செஞ்சு பாக்காதீங்க, அதுலயும் சுகர், ரத்த ஓட்டப் பிரச்சினை இருக்கறவங்க பக்கத்துலயே போகாதீங்க. ஆனா மீன் வீடியோவுக்கும் பலூனுக்கும் உள்ள வித்தியாசம் நெசம். பசங்கள வச்சு ஹெல்மெட்டோட இதே ஐஸ் தண்ணி டெஸ்ட் 2007-ல செஞ்சிருக்காங்க, சும்மா வேடிக்க பாத்தத விட தானே ஆடுனப்பதான் கூடுதல் நேரம் தாங்கியிருக்காங்க. இதப் படிச்சப்பதான் எனக்கு மாமா செஞ்சது என்னன்னு புரிஞ்சுது. அவர் எனக்கு கதை சொல்லல, என்ன சொல்ல வச்சார். கேட்டுக்கிட்டு இருந்தா மனசு நைசா கால் பக்கம் போயிரும், சொல்லிக்கிட்டு இருக்குறவன் போக முடியாது, அடுத்த சீன அவன்தான யோசிக்கணும்.

அடுத்தது அம்மா. திங்கக்கிழம சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடியே மாத்திரைய குடுத்து, ஹெட்செட்ட மாட்டி, அருவி, மலைன்னு சாந்தமா ஒரு இடத்த போட்டு விட்டேன். அந்த டப்பா அரை கிலோ வெயிட்டு, கொண்டைல பட்டை நிக்கல, ஒரு வழியா இறுக்கினேன். அம்மா ஒரு நிமிஷம் அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாங்க, "நல்லாத்தான் இருக்கு, குற்றாலமா இது?"ன்னு கேட்டாங்க. சிஸ்டர் கட்டப் பிரிக்கக் கைய வச்சாங்க பாருங்க, அம்மா காலு வெடுக்குன்னு இழுத்துச்சு. "எடுடா இத. கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கு, அவ எப்ப தொடுறா என்ன பண்றான்னு எனக்குத் தெரிய வேணாமா"ன்னு ஒரே சத்தம். கழட்டிட்டேன். அப்புறம் வழக்கம்போல டவல கடிச்சிக்கிட்டு, கண்ண எடுக்காம சிஸ்டர் கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு அது சப்புன்னு ஆயிடுச்சு. அப்புறம் யோசிச்சா அம்மா சொன்னது நியாயம். வலில ரெண்டு ஜாதி ஆளுங்க இருக்காங்க. ஊசி போடும்போது மூஞ்சிய திருப்பிக்கிறவங்க ஒரு ரகம், ஊசி உள்ள போறத உத்துப் பாக்குறவங்க இன்னொரு ரகம். நான் மொத ரகம், அம்மா ரெண்டாவது. பாத்துக்கிட்டே இருந்தா அடுத்து என்ன வரும்னு உடம்ப தயார் பண்ணிக்கலாம்ல, அந்த ஒரு பிடிய நான் போய் புடுங்கிட்டேன். சின்னப் பசங்களுக்கு இது நல்லா ஒத்துவரும்னு தோணுது, லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்குறப்ப பசங்களுக்கு வீஆர் குடுத்துப் பாத்ததுல வலியும் பயமும் குறைஞ்சதா சொல்றாங்க. நம்ம ஊர்ல "அங்க பாரு காக்கா"ன்னு சொல்லிட்டு தொடைல ஊசியப் போடுறோமே அதுதான், அங்க காக்காவ கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்காங்க.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு பயம் இருக்கு. சியாட்டில் ஆளுங்க இத வலி மருந்துக்குப் பதிலா வைக்கல, மருந்தோட சேத்துதான் வச்சாங்க. 2007-ல அவங்களே மருந்து மட்டும், வீஆர் மட்டும், ரெண்டும் சேத்துன்னு பிரிச்சுப் பாத்தப்பவும் சேத்துக் குடுத்ததுதான் நல்லா வேல செஞ்சிருக்கு. ஆனா நாளைக்கு கூட்டம் நெரியிற ஒரு வார்டுல "வலி மாத்திரை வேல செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், அதுக்கெல்லாம் காத்திருக்க முடியாது, அந்தக் கண்ணாடிய மாட்டிவிட்டு ஆரம்பி"ன்னு ஆயிடக் கூடாது. மருந்துக் காசு மிச்சம்னு யாராவது கணக்குப் போட்டா அத விட அநியாயம் கிடையாது. அமெரிக்காவுல வலி மாத்திரைக்கு அடிமையாகி ஜனங்க செத்த கொடுமையால அவங்களுக்கு மருந்தக் குறைக்கணும்னு ஒரு அவசரம் இருக்கு, 2021 நவம்பர்ல நாள்பட்ட முதுகுவலிக்கு வீட்லயே பாக்குற ஒரு வீஆர் சிகிச்சைக்கு அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதியே குடுத்துச்சு. நம்ம ஊர்ல பிரச்சினை வேற, இங்க புத்துநோய் முத்துன ஆளுக்கே மார்ஃபின் மாத்திரை கிடைக்காம அலையிற குடும்பங்க இருக்கு.

அப்புறம் எல்லாருக்கும் மாட்டவும் முடியாது. வலிப்பு வர்றவங்க, தலைல அடிபட்டவங்க, ஏற்கனவே குமட்டல்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் டாக்டர் வேணாம்னுதான் சொல்வாங்க. ஒருத்தர் முகத்துல இருந்து எடுத்து அடுத்தவருக்கு மாட்டும்போது அந்த ஃபோம யார் தொடைக்கிறது? தீக்காய வார்டுல கிருமிதான் மொத எதிரி. நல்ல ஆஸ்பத்திரில ஒவ்வொருத்தருக்கும் புது உறை போட்டு, மேல எல்லாம் மருந்து வச்சு தொடைச்சிட்டுதான் குடுப்பாங்க. எங்க வீட்ல நான் வேட்டி முனைல தொடைச்சேன்.

புதன்கிழம சிஸ்டர் வந்தப்ப ஹெட்செட்ட வெளிய எடுக்கல. சிஸ்டர்கிட்ட மட்டும் மாமா கதைய சொல்லியிருந்தேன். அந்தப் பொண்ணு சலைன ஊத்தி ஊற விட்டுட்டு, "பாட்டி, எனக்கு அதிரசம் மட்டும் எண்ணெல போட்டா பிரிஞ்சு போகுது, பாகு எந்தப் பதத்துல எடுக்கணும்?"னு கேட்டுச்சு. அம்மா கண்ண புண்ணுல இருந்து எடுக்கல, டவலத்தான் வாயில இருந்து எடுத்தாங்க. "என்ன வெல்லம் வாங்குன மொதல்ல?"ன்னாங்க. பதம், மாவு, எத்தன நாள் வைக்கணும்னு போச்சு பேச்சு, நடுவுல ரெண்டு தடவ "ஸ்ஸ்"ன்னாங்க, ஒரு தடவ "ஏம்மா மெல்ல"ன்னாங்க. வலி எத்தனைன்னு 0-ல இருந்து 10-க்குள்ள சொல்லச் சொல்லி சிஸ்டர் எப்பவும் கேட்டு எழுதிக்கும், போன வாரமெல்லாம் 8, அன்னைக்கு 6. ஒரு நாள் கணக்கு, புண்ணு கொஞ்சம் ஆறியிருக்கவும் செய்யலாம்.

ஹெட்செட்ட ஞாயித்துக்கிழம திருப்பிக் குடுத்தேன். தங்கச்சி மகன் மாட்டிப் பாத்துட்டு உடனே கழட்டிட்டான். "மாமா, ஃபோமெல்லாம் ஆச்சி தைலம் நாறுது"ன்னான்.